முதலாண்டில் இறங்கிப் போனவர்கள்

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ஒரு சின்னக் கட்டுரைதான். "கல்லூரி முதலாண்டு கத்துக்கொடுத்த பாடங்கள்னு எழுதுங்க சார். இப்ப சேர்ந்திருக்கிற பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார்கள். சரி என்று உட்கார்ந்தேன். கேன்டீன் பஜ்ஜி, கையில் டிராஃப்டரைப் பிடித்துக்கொண்டு மின்சார ரயிலில் தொங்கியது, முதல் நாள் வகுப்பில் ஒரு வார்த்தையும் புரியாமல் திருதிருவென விழித்தது என்று வரிசையாக நினைவுக்கு வந்தன. அவற்றை என்னைவிடச் சுவையாக எழுதக்கூடியவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. எழுதியும் இருப்பார்கள்.

என்னை உறுத்தியது வேறொன்று. மலரின் கடைசிப் பக்கங்களில் வரப்போகும் முகவரிப் பட்டியலை எனக்குக் காட்டினார்கள். அதில் ஒரு பெயர் இல்லை. அச்சுப் பிழையும் இல்லை, விட்டுப்போகவும் இல்லை. படித்து முடித்தவர்கள் பட்டியல் அது. அவன் முடிக்கவில்லை. முதலாண்டோடு போய்விட்டான்.

அவனை நினைத்துக்கொண்டு பழைய விஷயங்களைப் புரட்டியபோதுதான், முதலாண்டில் இடறி விழுவது அவனோடு தொடங்கியது அல்ல, நம் மண்ணில் அதற்கு நூற்றைம்பது வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு என்று தெரிந்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். பாடம் அதற்குள்ளேயே இருக்கிறது.

இரண்டு ரயில் மாறி வந்தவன்

1998இல் சேர்ந்த அணி எங்களுடையது. திருவள்ளூர் மாவட்டம் பிறந்தே ஒரு வருடம்தான் ஆகியிருந்தது (1997). வேப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கினால் ஏரி, வயல், செங்கல் சூளை, அங்கங்கே புதிதாகப் போட்ட வீட்டுமனைக் கற்கள். காலை ரயிலில் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் எதிர்த் திசையில் போவார்கள். நாங்கள் திருவள்ளூர் வண்டியில் வந்து இறங்குவோம்.

அவன் கவரைப்பேட்டைப் பக்கத்துக் கிராமம். எல்லோரும் அவனைக் "கவரைப்பேட்டை" என்றே கூப்பிடுவோம். கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, அங்கிருந்து எங்கள் வண்டியைப் பிடிப்பான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. கணக்கில் சூரன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் போதும், எங்களில் பாதிப் பேருக்கு அவன்தான் வாத்தியார். ஆனால் வகுப்பில் வாய் திறக்க மாட்டான். ஆசிரியர் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் எழுந்து நின்று தலையைக் குனிந்துகொள்வான்.

முதல் பல்கலைக்கழகத் தேர்வு முடிவு வந்தது. அவனுக்கு மூன்று அரியர். எங்களில் பலருக்கும் ஒன்றிரண்டு இருந்தது. "பார்த்துக்கலாம்டா மச்சி" என்று சிரித்துக்கொண்டு நாங்கள் கலைந்தோம். விடுமுறை முடிந்து வந்தபோது அவன் வரவில்லை. இன்று வருவான், நாளை வருவான் என்று இருந்தோம். பிறகு அவன் இடத்தில் வேறு ஒருவன் உட்கார ஆரம்பித்தான். அவ்வளவுதான்.

தேர்வு நடத்தப் பிறந்த பல்கலைக்கழகம்

நம் வேப்பம்பட்டு வழியாக ஓடும் தண்டவாளத்துக்கு ஒரு பெருமை உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு இந்த வழியாகத்தான் போனது. அதற்கு மறு வருடம், 1857 செப்டம்பர் 5இல், சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. ரயிலும் பல்கலைக்கழகமும் ஏறக்குறைய ஒரே வயதினர். இரண்டுமே கிராமத்துப் பிள்ளையை ஊரை விட்டு இழுத்துப்போக வந்தவை.

ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் இன்று நாம் நினைப்பது போல வகுப்பறையும் பெஞ்சும் கொண்ட இடம் அல்ல. லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்து அமைக்கப்பட்ட அது, நெடுங்காலம் தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அமைப்பாகவே இருந்தது. பாடம் சொல்லிக் கொடுப்பது கல்லூரிகளின் வேலை. கேள்வித்தாள் அனுப்புவதும், யார் தேறினார், யார் தோற்றார் என்று சொல்வதும் பல்கலைக்கழகத்தின் வேலை. ஒருவன் ஏன் தோற்றான் என்று கேட்பது யாருடைய வேலையும் அல்ல!

அதன் முதல் பட்டதாரிகள் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் இருவர். சி.வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும் 1858இல் பி.ஏ. பட்டம் பெற்றார்கள். பின்னாளில் 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த அதே தாமோதரம் பிள்ளைதான். இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியில் பல வருடம் தங்கி, ஆங்கிலத்தில் ஊறி வளர்ந்தவர்கள். அதாவது ஏணியின் கீழ்ப்படிகளை முன்பே ஏறிவிட்டு வந்தவர்கள். அவர்களுடைய திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படிகள் கிடைக்காத பிள்ளைகள் அடுத்தடுத்து வரத் தொடங்கியபோதுதான் முதலாண்டு என்பது ஒரு கண்டமாக மாறியது.

அன்றைய ஏற்பாடு இது: மெட்ரிகுலேஷன் தேறினால் கல்லூரி. அங்கே இரண்டு வருடம் படித்து எஃப்.ஏ. என்னும் முதற்கலைத் தேர்வு. அதில் எல்லாப் பாடத்திலும் தேறினால் மட்டுமே பி.ஏ. வகுப்புக்குள் காலை வைக்கலாம். ஒரு பாடம் போனால் எல்லாம் போச்சு.

கும்பகோணத்தில் ஒரு மாணவன்

1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் ஒரு பையன் சேர்ந்தான். டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்காகப் பரிசு வாங்கியவன். கல்லூரி அவனுக்கு உதவித்தொகை கொடுத்தது. அது இல்லாமல் அவனால் படிக்க முடியாது. ஒரு டெர்முக்கு 32 ரூபாய் சம்பளம். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிய தந்தைக்கு மாதம் சுமார் 20 ரூபாய்தான் வருமானம்.

அந்தப் பையனுக்குக் கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேறவில்லை. உதவித்தொகை நின்றது. 1905 ஆகஸ்டில் யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டு ரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டான். பிள்ளையைக் காணோம் என்று பெற்றோர் பத்திரிகைக்கு எழுதித் தேடினார்கள்.

திரும்பி வந்து, 1906இல் சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தான். கணக்கில் ஆசிரியர்களே வியந்தார்கள். மூத்த பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் அவனோடு உட்கார்ந்து கடினமான கணக்குகளைப் போட்டுப் பார்ப்பாராம். ஆனால் உடலியல் பாடம் அவனுக்கு வேப்பங்காய். எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. மறு வருடம் மறுபடி எழுதினான். மறுபடி தோல்வி. அத்தோடு கல்லூரிப் படிப்பு முடிந்தது.

அவர்தான் சீனிவாச ராமானுஜன் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். பிறகு நடந்ததும் உலகறிந்தது. 1912 மார்ச்சில் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம். 1914இல் கப்பல் பயணம். 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1920 ஏப்ரல் 26இல், 32 வயதில் மறைவு.

இந்தக் கதையை நாம் வழக்கமாக எப்படிச் சொல்கிறோம்? "பரீட்சையில் தோற்றாலும் மேதை மேதைதான்" என்று முடித்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை. இடையில் இருக்கிற வருடங்களைப் பாருங்கள். 1907க்கும் 1912க்கும் நடுவில் அவர் வேலையில்லாமல், நோட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். அவரைக் காப்பாற்றியது மேதைமை மட்டுமல்ல, கதவைத் திறந்த மனிதர்களும்தான். 1910இல் திருக்கோவிலூரில் டெப்டி கலெக்டராக இருந்த வி. ராமசுவாமி ஐயர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். கும்பகோணத்தில் பாடம் நடத்திய பி.வி. சேஷு ஐயர் கைவிடவில்லை. நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் சொந்தப் பணத்தில் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். துறைமுக அலுவலகத்தில் எஸ். நாராயண ஐயர் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். இவர்களில் ஒருவர் "உனக்கு என்னப்பா பட்டம் இருக்கு?" என்று கேட்டுக் கதவைச் சாத்தியிருந்தால்?

பல்கலைக்கழகமும் 1913இல் இறங்கி வந்தது. முதுகலை படித்தவர்களுக்கு உரிய ஆராய்ச்சி உதவித்தொகையை, மாதம் 75 ரூபாய், எஃப்.ஏ.கூடத் தேறாத அவருக்குக் கொடுத்தது. தன் தேர்வில் தோற்றவரைத் தானே அழைத்து ஆராய்ச்சி செய்யச் சொன்னது. விதி பெரிதுதான், ஆனால் விதியை எழுதியவர்கள் மனிதர்கள்தான் என்பதற்கு இது சாட்சி.

இன்று கும்பகோணம் கல்லூரிக்கும் பச்சையப்பன் கல்லூரிக்கும் அவர் பெருமைக்குரிய பழைய மாணவர். நியாயமான பெருமைதான். ஆனால் இரண்டிலும் அவர் எந்தப் படிப்பையும் முடிக்கவில்லை. "முடித்தவர்கள் பட்டியல்" என்று ஒன்று போட்டால் இரண்டு இடத்திலும் ராமானுஜன் பெயர் வராது!

திரைக்குப் பின்னால் ஒரு மாணவி

ஏறக்குறைய அதே காலத்தில், கும்பகோணத்துக்குத் தெற்கே புதுக்கோட்டையில் இன்னொரு முதலாண்டு நடந்துகொண்டிருந்தது. மகாராஜா கல்லூரியில் சேர ஒரு பெண் விண்ணப்பித்தார். ஆண்கள் கல்லூரியில் பெண்ணா என்று ஊரே எதிர்த்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். மூடிய வண்டியில் கல்லூரிக்கு வந்து, மாணவர்களுக்கும் தமக்கும் நடுவே ஒரு திரை தொங்க, அந்தப் பக்கம் உட்கார்ந்து பாடம் கேட்டார் முத்துலட்சுமி. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் டாக்டர் பட்டம் பெற்று வெளியே வந்தார். 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவர். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை.

ராமானுஜனுக்குத் தடை ஆங்கிலத் தாள். முத்துலட்சுமிக்குத் தடை ஒரு துணித்திரை. இருவருக்கும் அறிவில் குறை இருந்ததாக யாராவது சொல்ல முடியுமா? முதலாண்டில் ஒருவர் தடுமாறினால், "பையனுக்குச் சரக்கு பத்தலை" என்று நாம் சட்டென்று சொல்லிவிடுகிறோம். வாசல் எவ்வளவு குறுகலாக இருந்தது என்று பார்ப்பதே இல்லை.

பாலம் கட்டிய கதை

வாசல் குறுகல் என்பதை நாடு மெதுவாகத்தான் உணர்ந்தது. எஃப்.ஏ. போய் இண்டர்மீடியட் வந்தது. அதுவும் இரண்டு வருடம். அதற்குள் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் தமிழுக்கு மாறிவிட்டன, கல்லூரியோ ஆங்கிலத்திலேயே நின்றது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே பள்ளம் ஆழமானது.

1950களின் பிற்பகுதியில் இண்டர்மீடியட்டை எடுத்துவிட்டு ஒரு வருடப் புகுமுக வகுப்பைக் கொண்டுவந்தார்கள். நம் அப்பா, சித்தப்பா, மாமா வாயில் அடிக்கடி வருமே, "நான் அந்தக் காலத்து பி.யூ.சி." என்று, அதுதான். பள்ளத்தின்மீது போட்ட பாலம் என்று நினைத்து வந்த வகுப்பு அது. ஆனால் ஒரே வருடம். பையன் ஹாஸ்டல் சாப்பாட்டுக்குப் பழகுவதற்குள் பொதுத்தேர்வு வந்துவிடும். பி.யூ.சி.யில் கவிழ்ந்து ஊர் திரும்பி, கடையோ வயலோ பார்த்துக்கொண்டு நல்லபடியாக வாழ்ந்தவர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார்கள். பேச்சுவாக்கில் "எனக்கு இங்கிலீஷ்தாம்ப்பா வரலை" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று நாம் கேட்டதில்லை.

1960இல் கோவை அரசுக் கலைக் கல்லூரியில் பட்டப் படிப்பைத் தமிழில் நடத்திப் பார்க்கும் முயற்சி தொடங்கியது. கல்லூரிப் பாடநூல்கள் தமிழில் எழுதப்பட்டன. கலைச்சொற்கள் உருவாயின. கலைப் பாடங்களில் ஓரளவு நிலைத்த இந்த முயற்சி தொழிற்கல்விக்குள் அப்போது நுழையவில்லை. கோத்தாரி குழு (1964 - 66) சொன்ன 10+2+3 முறையை ஏற்று, 1978இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது. புகுமுக வகுப்பு கல்லூரியை விட்டுப் போனது. பாலம் பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டது என்று சொல்லலாம். ஊரிலேயே, வீட்டுச் சாப்பாட்டோடு இரண்டு வருடம் கூடுதலாகப் படிக்கலாம் என்பது பெரிய ஆறுதல். ஆனால் பாலம் போகவேண்டிய மறுகரை வரை வந்ததா? தமிழில் பிளஸ் டூ முடித்த பிள்ளை, பொறியியல் முதலாண்டில் ஒரே நாளில் ஆங்கிலத்துக்குத் தாண்டவேண்டியிருந்தது. அண்ணா பல்கலைக்கழகம் சிவிலிலும் மெக்கானிக்கலிலும் தமிழ் வழிப் பிரிவு தொடங்கியது 2010இல்தான். என் நண்பனுக்குப் பன்னிரண்டு வருடம் கழித்து!

அக்காவின் நகை

பணத்தைச் சொல்லாமல் முதலாண்டு வரலாறு முழுமையாகாது. ராமேசுவரத்துப் பிள்ளை ஒருவருக்குக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேரச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டும். வீட்டில் ஏது அவ்வளவு பணம்? அக்கா ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்தத் தம்பி ஏ.பி.ஜே. அப்துல் கலாம்.

நாம் எல்லோரும் அறிந்த இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. கலாம் அதற்கு முன்பே திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியலில் பி.எஸ்ஸி. முடித்திருந்தார். முடித்த பிறகுதான் தன் பாதை பொறியியல் என்று உணர்ந்து மறுபடி முதலாண்டிலிருந்து தொடங்கினார். இரண்டாவது தடவை முதலாண்டு மாணவராக உட்காருவது தோல்வி அல்ல. "குரூப் தப்பா எடுத்துட்டேன், என் வாழ்க்கையே போச்சு" என்று புலம்புகிற தம்பி தங்கைகள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நகை அடகு மட்டும் நின்றுவிடவில்லை. 1984இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குத் தமிழ்நாட்டில் கதவு திறந்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் வேப்பம்பட்டுப் போன்ற ஊர்களுக்குக்கூடப் பொறியியல் கல்லூரி வந்தது. நாங்கள் படித்தோம். எத்தனை வீடுகளில் தாலிச்சங்கிலி மஞ்சள் கயிறாக மாறியது என்பதும் எங்களுக்குத் தெரியும். இன்று முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவருக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீத இடம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவியருக்கு 2022 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், 2024 முதல் மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் என்று வந்திருக்கின்றன. அன்று இவை இருந்திருந்தால் என்று ஏங்குவதில் பயனில்லை. இன்று இருப்பது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது என்று பார்ப்பதில் பயன் உண்டு.

சட்டம் செய்ததும் செய்ய முடியாததும்

முதலாண்டின் இருண்ட பக்கத்தையும் மறைக்கக்கூடாது. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவம் முதலாண்டு படித்துக்கொண்டிருந்த பொன். நாவரசு, மூத்த மாணவர் ஒருவரின் ராகிங் கொடுமையில் கொல்லப்பட்டார். அன்றைய சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மகன் அவர். தமிழகமே உறைந்துபோனது. அதுவரை "ராகிங்னா சும்மா ஒரு ஜாலிக்குத்தான்" என்று பேசிய வாய்கள் மூடின. 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2001இல் உச்ச நீதிமன்றமும், 2009இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் நாடு முழுமைக்கும் விதிகளை இறுக்கின.

நாங்கள் சேர்ந்தது சட்டம் வந்த மறு வருடம். சீனியர்கள் எங்களைத் தொடவில்லை. உண்மை. ஆனால் கிட்டவும் வரவில்லை. எங்களைக் கண்டால் ஒதுங்கிப் போனார்கள். வம்பு வேண்டாம் என்ற பயம். சட்டம் கொடுமையைத் தடுக்கும், தடுக்கவும் வேண்டும். ஆனால் "தம்பி, சாப்டியா? பேப்பர் எல்லாம் கிளியர் ஆயிடுச்சா?" என்று கேட்கச் சொல்லி எந்தச் சட்டமும் எழுத முடியாது. அந்தக் கேள்வி இல்லாத இடத்தில்தான் என் நண்பன் இறங்கிப் போனான்.

பேசின் பிரிட்ஜில் கேட்டது

படிப்பு முடித்து வேலைக்குப் போய்ச் சில வருடம் கழித்து, ஒரு மாலை பேசின் பிரிட்ஜ் நடைமேடையில் அவனைப் பார்த்தேன். முதலில் அவன்தான் என்னை அடையாளம் கண்டான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்டு வேலை என்றான். டீ குடித்தோம். தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ஏன்டா வராம போயிட்ட? ஃபீஸ் பிரச்சினையா?"

அவன் சிரித்தான். "ஃபீஸ் கட்ட அப்பா நிலத்தை ஒத்திக்கு வச்சிட்டாருடா. பணம் இருந்துச்சு. மூணு பேப்பர் போச்சுன்னு அவர்கிட்ட எந்த மூஞ்சியோட சொல்றது? லீவு முடிஞ்சும் ரெண்டு வாரம் தினம் டிபன் பாக்ஸோட கிளம்பி பேசின் பிரிட்ஜ் வரைக்கும் வருவேன். நீங்க வர்ற வண்டி போறதைப் பார்த்துட்டு, இங்கயே உட்கார்ந்திருந்துட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போவேன். யாராவது ஒருத்தன் இறங்கி வந்து 'ஏறுடா'ன்னு சொல்லியிருந்தா ஏறியிருப்பேன்."

அவன் குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் கூட்டத்தில் அவனைப் பார்க்காமல் அந்த வண்டியில் போனவர்களில் நானும் ஒருவன். டீ அதற்குமேல் உள்ளே இறங்கவில்லை.

முதலாண்டு எனக்குக் கற்றுத் தந்த பாடம் எது என்று கேட்டால், அந்த நடைமேடையில்தான் கற்றேன் என்பேன். அதுவும் மிகத் தாமதமாக.

இன்றைய தம்பி தங்கைகளுக்கு

இந்த நீண்ட வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன். உபதேசம் என்று நினைக்க வேண்டாம்.

ஒன்று, மொழி தடுக்கிறது என்றால் அறிவு குறைவு என்று அர்த்தமில்லை. ஒரு சின்ன நோட்டுப் போட்டு, புதிதாக வரும் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே நீங்கள் பள்ளியில் படித்த தமிழ்ச் சொல்லை எழுதுங்கள். வகையீடு, தொகையீடு, விசை, திருப்புத்திறன் எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஆட்கள்தான், சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

இரண்டு, பிடித்த பாடத்தில் மூழ்குவது நல்லது, பிடிக்காத பாடத்தை அறவே கைவிடுவது ஆபத்து. ராமானுஜன் அதற்குக் கொடுத்த விலை ஐந்தாறு வருடம். அவருக்கு ஒரு ஹார்டி கிடைத்தார். எல்லோருக்கும் கிடைப்பார் என்று சொல்ல முடியாது.

மூன்று, விழுந்ததை ஒருவரிடமாவது சொல்லுங்கள். அப்பாவிடம் சொல்ல முடியாவிட்டால் அண்ணனிடம், ஆசிரியரிடம், ரயிலில் பக்கத்தில் உட்காருகிறவனிடம். அரியரைத் திரும்ப எழுதித் தேறலாம். சொல்லாமல் தனியே சுமந்த வருடத்தைத் திரும்ப எழுத வழியில்லை.

நான்கு, இது உங்களில் நன்றாகப் படிக்கிறவர்களுக்கு: உங்கள் பெஞ்சில் நேற்று வரை இருந்தவன் இன்று இல்லையென்றால், போய்ப் பாருங்கள். போன் செய்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். போங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

வேப்பம்பட்டுக்கு அடுத்த ஸ்டேஷன் திருநின்றவூர். பூசலார் நாயனாரின் ஊர். கல்லும் மரமும் வாங்கப் பணம் இல்லாமல் மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டியவர். காஞ்சியில் மன்னன் கற்றளி கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தபோது, இறைவன் கனவில் வந்து, அன்று பூசலார் கட்டிய கோயிலுக்குப் போக வேண்டும், நீ வேறு நாள் பார் என்று சொன்னதாகப் பெரியபுராணக் கதை. தினமும் அந்த ஊரைத் தாண்டித்தான் நாம் கல்லூரிக்கு வந்தோம். கட்டி முடித்தவன் கணக்கில் மட்டும்தான் வருவான் என்று அந்தக் கதை சொல்லவில்லை.

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கு என் பணிவான வேண்டுகோள். அடுத்த மலரின் முகவரிப் பட்டியலில், முடித்தவர்கள் என்று மட்டும் பார்க்காமல், சேர்ந்தவர்கள் எல்லோருடைய பெயரையும் போடுங்கள். முதலாண்டில் போனவர்களுக்கும் அழைப்பிதழ் அனுப்புங்கள். முகவரி தெரியாதே என்பீர்கள். ஒவ்வொரு அணியிலும் இரண்டு பேர் பொறுப்பெடுத்தால் தெரிந்துவிடும். முடிக்க விரும்புகிறவர்களுக்கு இன்று தொலைநிலைக் கல்வி உண்டு. 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உண்டு. வழி காட்ட நாம் இருக்கிறோம்.

கவரைப்பேட்டைக்காரனிடம் நான் போன வாரம் பேசிவிட்டேன். "நான் எந்த பேட்ச்னு சொல்லிக்கிட்டுடா வர்றது?" என்று கேட்டான்.

"நம்ம பேட்ச்னு சொல்லிக்கிட்டு வாடா" என்றேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். காலை எட்டரை மணிக்கு பேசின் பிரிட்ஜில் இறங்கி நிற்கப்போகிறேன். எங்கள் அணி நண்பர்கள் முடிந்தவர்கள் உடன் வந்தால் மகிழ்வேன்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க சங்கம்!